சீனக் கோயில்களை வரைபடமாக்க: கணக்கெடுப்பா, கள ஆய்வா?

சீனாவில் எந்தப் பகுதியில் எந்த வழிபாடு வேரூன்றியிருக்கிறது என்று வரைபடம் போட்டுப் பார்க்க இரண்டு வகைத் தரவுகள் கிடைக்கின்றன. ஒன்று, 2004ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பில் பதிவான சமயத் தலங்கள். நாடு முழுவதும் 70 ஆயிரத்துக்கும் மேல். இன்னொன்று, ஒரே வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைக் குறித்த கள ஆய்வு. கென்னத் டீன், ஜெங் ஜென்மான் என்ற இரு ஆய்வாளர்கள் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபூஜியான் மாகாணத்தின் புத்தியான் சமவெளியில் செய்து 2010ல் வெளியிட்டது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அந்தக் கடற்கரையைப் புரிந்துகொள்ள நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

கணக்கெடுப்பின் வசதிகள் தெரிந்தவைதான். முழு நாட்டுக்கும் ஒரே அளவுகோல், மாவட்ட வாரியாகக் கூட்டலாம், கியூஜிஐஎஸ் மாதிரி இலவச வரைபட மென்பொருளில் ஏற்றிய உடனே வண்ணப்படம் வந்துவிடும். கள ஆய்வு அப்படியில்லை. பல ஆண்டு உழைப்பு, அதுவும் ஒரு சமவெளிக்கு மட்டும்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: படத்தில் காலியாக இருக்கும் இடத்துக்கு என்ன பொருள்?

அடர்த்தி வரைபடம் போட்டாலும் சரி, பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மோரான் குறியீட்டால் அளந்தாலும் சரி, புள்ளி இருக்கும் இடத்துக்கு எவ்வளவு கனமோ, இல்லாத இடத்துக்கும் அவ்வளவு கனம் உண்டு. புள்ளி இல்லையென்றால் மென்பொருள் அங்கே பூஜ்யம் போட்டுக்கொள்ளும். கணக்கெடுப்பில் அந்தப் பூஜ்யம் ‘கோயில் இல்லை’ என்று சொல்லவில்லை, ‘பதிவு இல்லை’ என்றுதான் சொல்கிறது. சீன அரசு அங்கீகரித்த சமயங்கள் ஐந்து: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம். ஊர் தெய்வங்களின் கோயில்கள் இந்த ஐந்தில் எதிலும் நேராகப் பொருந்துவதில்லை. சில தாவோயிசக் கோயில்களாகப் பதிவாயின, பல பதிவாகவே இல்லை. வடமேற்கில் கான்சு, நிங்சியா பக்கம் இருக்கிற மசூதிகளோ அங்கீகரிக்கப்பட்ட சமயத்தின் தலங்கள் என்பதால் கணக்கில் ஏற வழி இருந்தது. இரண்டையும் ஒரே படத்தில் வைத்து ‘வடமேற்கு அடர்த்தி, தென்கிழக்கு மெலிவு’ என்று வாசித்தால், நாம் பார்ப்பதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு பதிவுமுறை என்று பிரிக்கவே முடியாது. நுட்பமான புள்ளியியல் எதுவும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் விடுபட்டவை தற்செயலாக விடுபடவில்லை. ஒரு குறிப்பிட்ட வகைக் கோயில்தான் விடுபட்டது, அதுவும் அந்த வகை எங்கே அதிகமோ அங்கேதான் அதிகமாக விடுபட்டது.

புத்தியானில் கதையே வேறு. 724 ஊர்கள், 2,586 கோயில்கள். அங்கே ஒரு வயல்வெளி காலியாகத் தெரிந்தால், ஆள் போய்ப் பார்த்து இல்லை என்று உறுதி செய்த காலி அது. அப்புறம், எல்லைகளும் அந்த ஊர்க்காரர்களுடையவை. சீன நாட்காட்டியின் முதல் மாதத்தில் தெய்வத்தைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு எந்தெந்த ஊர்களைச் சுற்றி வருகிறார்களோ, அந்த ஊர்கள் சேர்ந்து ஒரு வழிபாட்டுக் கூட்டணி. அப்படி 153 கூட்டணிகளை டீனும் ஜெங்கும் பிரித்துக் காட்டுகிறார்கள். அவற்றை வாய்க்கால் படத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. 1083ல் கட்டி முடித்த மூலான் அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்ட ஊர்கள், திருவிழாவிலும் கூட்டாளிகளாக இருக்கின்றன. மாவட்ட வாரியாகக் கூட்டிவிட்டால் சமவெளி முழுவதும் ஓரிரு நிறத் திட்டுகளாகிவிடும், இந்த உறவு தெரியவே தெரியாது.

காலமும் இங்கே உள்ளே வருகிறது. இதே இருவர் புத்தியான், அதே மாகாணத்தின் துறைமுக நகரமான சுவான்சோ ஆகிய பகுதிகளின் சமயக் கல்வெட்டுகளையும் தொகுத்தவர்கள். அது ஏன் முக்கியம் என்று தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவான்சோவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த, சிவன் கோயில் பற்றிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்குள்ள கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துப் பின்புறத் தூண்கள் இரண்டில் இந்துச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம். கணக்கெடுப்பு மாதிரியான ஒரு தரவில் அந்த இடம் ஒரு பௌத்தப் புள்ளி, அவ்வளவுதான்.

கள ஆய்வுத் தரவை எடுத்தால் ஒரு தொல்லையைத் தாங்கியாக வேண்டும். சீன இணைய வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற, வேண்டுமென்றே நகர்த்தப்பட்ட ஆயத்தொலைவு முறையில் இயங்குகின்றன. அங்கிருந்து ஒரு கோயிலின் இடத்தை எடுத்து அப்படியே செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் சில நூறு மீட்டர் தள்ளி விழும். மாவட்டக் கூட்டலில் இது பெரும்பாலும் தெரியாது. புத்தியானில் வாய்க்காலின் அக்கரைக்குப் போய்விடும், கூட்டணியே மாறிவிடும். புதிதாகப் புள்ளிகளைச் சேர்ப்பதற்கு முன்னால் இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

வட சீனச் சமவெளிக்கு இந்த முறை இதே பலனைத் தருமா என்பதில் என் அனுபவம் போதாது. நான் வேலை செய்தது தென்கிழக்கில் மட்டும். வடக்கே ஊர்களைக் கட்டிப்போடுவது வாய்க்காலாக இல்லாமல் சந்தையாக இருக்கலாம். மானுடவியலாளர் ஜி. வில்லியம் ஸ்கின்னர் 1960களில் சிச்சுவானை வைத்து எழுதிய சந்தை வட்டாரக் கோட்பாட்டிலிருந்து தொடங்குவது அங்கே மேலாக இருக்கலாம்.

உங்கள் கேள்வி மசூதிகளைப் பற்றியதா, நாடளாவியதா? அப்படியானால் கணக்கெடுப்பையே எடுங்கள். மாவட்ட எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறியதைச் சரிபார்க்க, ஹார்வர்டும் ஃபூடான் பல்கலைக்கழகமும் 2001ல் தொடங்கிய சீன வரலாற்றுப் புவித்தகவல் தொகுப்பில் 1820, 1911 ஆண்டுகளின் வரைபட அடுக்குகள் இருக்கின்றன. ஊர்க் கோயில்கள் நிறைந்த தென்கிழக்கு மாவட்டங்களில் மட்டும், காலியான இடத்தில் பூஜ்யம் போடாமல் ‘தகவல் இல்லை’ என்று விட்டுவிடுங்கள்.