இடித்துக் கட்டிய பஃபலோ, பொறுக்கிச் சேர்த்த ஃப்ளோரிடா

ஏப்ரல் 2023. வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கியின் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது ஃப்ளோரிடா பேந்தர்ஸ் 92 புள்ளி, பஃபலோ சேபர்ஸ் 91. அந்த ஒரு புள்ளியில் ஃப்ளோரிடா கடைசி ஆளாக பிளேஆஃபுக்குள் நுழைந்தது, பஃபலோ வீட்டுக்குப் போனது. நுழைந்தவர்கள் அந்த வருடமே இறுதிச் சுற்று வரை போனார்கள், 2024-லும் 2025-லும் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். நாங்கள்? 2011-ல் பிளேஆஃப் ஆடியதற்குப் பிறகு 2024-25 சீசன் முடிய வரிசையாகப் பதினான்கு சீசன் வெளியே இருந்தோம். லீக் வரலாற்றில் இவ்வளவு நீளமான வறட்சி வேறு எந்த அணிக்கும் வந்ததில்லை.

கனடாவில், டொரோண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் உட்கார்ந்துகொண்டு பஃபலோவை "நாங்கள்" என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். டொரோண்டோ ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனால் ஒரு மாதப் பட்ஜெட் காலி. நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டி அமெரிக்க எல்லையில் இருக்கும் பீஸ் பிரிட்ஜைத் தாண்டிவிட்டால் அதே டொரோண்டோ அணியையே பாதிக் காசில் பஃபலோவில் பார்க்கலாம். மலிவாக இருக்கிறதே என்றுதான் போக ஆரம்பித்தேன், அப்புறம் அந்த நோய் ஒட்டிக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை எப்படித் தூக்கி நிறுத்துவது என்பதற்கு இரண்டு கட்சிகள் இருக்கின்றன. எல்லாரையும் விற்றுவிட்டு அடிமட்டத்துக்குப் போ, டிராஃப்டில் நல்ல பையன்களாக எடுத்து அஸ்திவாரத்திலிருந்து கட்டு என்பது ஒன்று. இருக்கிற இரண்டு மூன்று நல்லவர்களைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற அணிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆட்களைப் பொறுக்கிச் சேர் என்பது இன்னொன்று. முதல் வழிக்கு பஃபலோவும் இரண்டாம் வழிக்கு ஃப்ளோரிடாவும்போல் பொருத்தமான ஜோடி கிடைக்காது. இரண்டும் ஒரே டிவிஷன், இரண்டும் பல வருடம் கேலிக்கு ஆளானவை, அதற்கு மேல் ஒன்று வெளியே போட்டதை இன்னொன்று எடுத்துவைத்துக்கொண்டது.

டிராஃப்ட் புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐபிஎல் ஏலம் மாதிரி காசு வைத்திருப்பவன் கையை உயர்த்துகிற கதை இங்கே கிடையாது. பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் வரிசையாக எடுக்கும், மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை. வேண்டுமென்றே யாரும் தோற்றுவிடக் கூடாதே என்று முன்வரிசையை ஒரு லாட்டரி போட்டுக் கலைத்துவிடுவார்கள். அப்படியும் வேண்டுமென்றே தோற்பவர்கள் உண்டு, அதற்கு "டேங்க்" என்று பேர்.

பஃபலோ அதைக் கூச்சமே இல்லாமல் செய்தது. 2013-14-ல் 52 புள்ளியோடு கடைசி, 2014-15-ல் 54 புள்ளியோடு மறுபடியும் கடைசி. அந்த வருட டிராஃப்டில் கானர் மெக்டேவிட் வருகிறார். தலைமுறைக்கு ஒருமுறை வரும் ஆட்டக்காரர், அதுவும் பஃபலோவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஈரி ஊர் ஜூனியர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அப்போதைய ஜெனரல் மேனேஜர் டிம் மர்ரி அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கோலிகளை, அதாவது கோல்கீப்பர்களை, என்ராத்தையும் நோய்விர்த்தையும், மூன்று வார இடைவெளிக்குள் வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டார். இருவரும் கொஞ்சம் அதிகமாகவே நன்றாகத் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 26, 2015. கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த அரிசோனா பஃபலோவுக்கு ஆட வந்தது. 3-3, ஓவர்டைம். அரிசோனாவின் சாம் காக்னர் கோல் அடித்ததும் அரங்கத்தில் கைத்தட்டல், ஆரவாரம், எழுந்து நின்றுகூடச் சிலர். அது சொந்த ஊர், சொந்த மைதானம், தோற்றது சொந்த அணி. பஃபலோ வீரர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனதை டிவியில் பார்த்தேன், நானும் அன்றைக்கு "நல்லதுதான், இனி கடைசி இடம் நமக்குத்தான்" என்று மனசுக்குள் கணக்குப் போட்டவன்தான், மறைக்க ஒன்றுமில்லை.

லாட்டரியில் எங்களுக்கு 20 சதவீத வாய்ப்பு, எட்மன்டனுக்கு 11.5. மெக்டேவிட் எட்மன்டனுக்குப் போனார். எங்களுக்கு இரண்டாம் இடத்தில் ஜாக் ஐக்கல் கிடைத்தார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, அது பின்னால் தெரிந்தது, ஆனால் வேறு ஊரில் தெரிந்தது.

இடிப்பதில் பஃபலோவுக்குக் கைதேர்ந்த அனுபவம் வந்துவிட்டது, கட்டத்தான் வரவில்லை. 2018-ல் மீண்டும் கடைசி, டிராஃப்டில் முதல் இடம், ராஸ்மஸ் டாலின். 2021-ல் வரிசையாக 18 ஆட்டம் வெற்றியே இல்லை, மறுபடி கடைசி, மறுபடி முதல் இடம், ஓவன் பவர். 2013-ல் லிண்டி ரஃபை நீக்கியதிலிருந்து 2024-ல் அதே லிண்டி ரஃபைத் திரும்பக் கூப்பிட்டது வரை நடுவில் ஆறு கோச். தோற்றுத் தோற்றுப் பழகிய டிரெஸ்ஸிங் ரூமில் பையன்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்? 2018-ல் சீசன் முடிந்தபோது ராயன் ஓ'ரைலி, தோல்வி உள்ளே ஊறிவிட்டது, இந்த ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையே சில சமயம் போய்விட்டது என்கிற மாதிரி வெளிப்படையாகப் பேசினார். அப்போது அவருக்கு 27 வயது, அணியில் இருந்த ஒரே பொறுப்பான நடுவயசுக்காரர் என்றே சொல்லலாம். அந்த ஜூலையில் அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஜூனில் செயின்ட் லூயிஸ் கோப்பையை வென்றது, பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஓ'ரைலிக்கு.

நியாயமாகச் சொன்னால் அந்த டிரேடில், அதாவது ஆள் மாற்றலில், வந்த டேஜ் தாம்சன் பின்னால் ஒரு சீசனில் 47 கோல் அடித்தார். அதற்கு ஐந்து வருடம் ஆனது என்பது வேறு கதை.

அடுத்து ஐக்கல். கழுத்தில் டிஸ்க் பிரச்சினை, எந்த அறுவைச் சிகிச்சை என்பதில் அவருக்கும் நிர்வாகத்துக்கும் சண்டை, கேப்டன் பதவி பறிபோனது, நவம்பர் 2021-ல் வேகஸுக்கு டிரேட். அவர் கேட்ட சிகிச்சைக்கு வேகஸ் சம்மதித்தது. 2023-ல் அவரும் கோப்பையைத் தூக்கினார், அந்த பிளேஆஃபில் எல்லாரையும்விட அதிகப் புள்ளி அவருக்குத்தான் (ஆட்டக்காரர் புள்ளி என்றால் அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு). மூன்றாவது, 2014 டிராஃப்டில் நாங்கள் எடுத்த சாம் ரைன்ஹார்ட். அவர் போன இடம் ஃப்ளோரிடா.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருவோம். ஃப்ளோரிடாவைப் புனிதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. 2001 முதல் 2011 வரை அவர்களும் பத்து சீசன் பிளேஆஃப் பார்க்காதவர்கள், 1996-க்குப் பிறகு ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வெல்ல 2022 வரை காத்திருந்தவர்கள். கீழே கிடந்த காலத்தில் டிராஃப்டில் முன்வரிசை அவர்களுக்கும் கிடைத்தது: 2011-ல் மூன்றாவதாக ஹூபர்டோ, 2013-ல் இரண்டாவதாக பார்கோவ், 2014-ல் முதலாவதாக எக்பிளாட். ஆகவே "டிராஃப்டே தேவையில்லை" என்று யாராவது ஃப்ளோரிடாவைக் காட்டிப் பேசினால் நம்பாதீர்கள். மடத்தனத்திலும் குறைச்சல் இல்லை. 2017-ல் வேகஸ் புது அணியாக வந்தபோது 30 கோல் அடித்திருந்த மார்ஷஸோவையும் ரைலி ஸ்மித்தையும் ஏறத்தாழ தானமாகவே கொடுத்தார்கள். அந்த இருவரும் 2023 இறுதிச் சுற்றில் இதே ஃப்ளோரிடாவைத் தோற்கடித்தார்கள்.

மாற்றம் 2020 செப்டம்பரில் பில் ஜிட்டோ ஜெனரல் மேனேஜராக வந்த பிறகு. அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் தனித்தனியாக ஒன்றுமே பிரமாதமாகத் தெரியாது. அதே மாநிலத்து டாம்பா வேண்டாம் என்று விட்ட வெர்ஹேகியை வருடம் பத்து லட்சம் டாலருக்கு எடுத்தார், இந்த லீக்கில் அது சில்லறை. கரோலினா வெய்வரில் போட்ட, அதாவது யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட ஃபோர்ஸ்லிங்கை எடுத்தார், அவர் இன்று லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்மேன்களில் ஒருவர். பஃபலோவிலிருந்து மான்டோரை டிராஃப்டில் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு உரிமையைக் கொடுத்து வாங்கினார். கால்கரியில் வாடிக்கொண்டிருந்த சாம் பென்னட்டை ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஒரு இளைஞரும் கொடுத்து வாங்கினார். 2021 ஜூலையில் ரைன்ஹார்ட். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்திருந்தாலும் உள்ளே பக்கம் முழுசாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குகிற ஆள் இருப்பாரே, அவர் மாதிரி.

ஆனால் துணிச்சல் தேவைப்பட்ட இடத்தில் துணிச்சலும் இருந்தது. 2021-22-ல் 122 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம், பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் டாம்பாவிடம் நான்குக்கு நான்கும் தோல்வி. பஃபலோவாக இருந்தால் 122 புள்ளிக்கே ஊர்வலம் போயிருப்போம். ஜிட்டோ அந்த வருடம் 115 புள்ளி எடுத்த ஹூபர்டோவை, கூடவே நல்ல டிஃபென்ஸ்மேன் வீகரையும், கால்கரிக்குக் கொடுத்து மேத்யூ கச்சக்கை வாங்கினார். கோச்சையும் மாற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். ஹூபர்டோ கால்கரியில் அடுத்த சீசனில் எடுத்தது 55.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரே ஒரு பட்டியல் போதும். 2014 டிராஃப்டின் முதல் நான்கு பேர்: எக்பிளாட், ரைன்ஹார்ட், டிரைசைடில், பென்னட். எடுத்தவர்கள் வரிசையாக ஃப்ளோரிடா, பஃபலோ, எட்மன்டன், கால்கரி. பத்து வருடம் கழித்து 2024 இறுதிச் சுற்றில் இந்த நான்கு பேரும் ஐஸில் இருந்தார்கள். மூன்று பேர் ஃப்ளோரிடா சட்டையில், டிரைசைடில் மட்டும் எதிரே. ஏழாவது ஆட்டம் 2-1. வெற்றி கோலை அடித்தது ரைன்ஹார்ட், எங்கள் ரைன்ஹார்ட், அந்த லீக் சீசனில் மட்டும் 57 கோல் போட்டிருந்தவர். அந்தக் கோப்பை அணியில் முன்னாள் பஃபலோக்காரர்கள் ரைன்ஹார்ட், மான்டோர், ரோட்ரிகஸ், குலிகாவ், அப்புறம் அதே மார்ச் மாதம் வரை எங்களுக்குக் கேப்டனாக இருந்த ஒக்போசோ. ஐந்து பேர்! ஆரம்பத்தில் சொன்ன, ஒரு புள்ளியில் பிழைத்த அந்த 2023-லும் இதே கதைதான். பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம், ஃப்ளோரிடா ஒரு கோல் பின்னால், ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, சமன் செய்தது மான்டோர். ஓவர்டைமில் முடித்தது வெர்ஹேகி.

என் தங்கை வீட்டுக்காரர் டொரோண்டோ ரசிகர். 1967-க்குப் பிறகு கோப்பை பார்க்காத கூட்டம், ஆனாலும் என்னிடம் மட்டும் வாய் நீளும்.

"மச்சான், அவங்க ஊர்ல மாநில வருமான வரி கிடையாது, ஜனவரியில அரைக்கால் சட்டையோட சுத்தலாம். உங்க ஊருக்கு எவன் வருவான்?"

"மாப்ள, அந்த பத்து வருஷம் அவங்க தோத்தப்பவும் அதே வெயில்தானே அடிச்சது?"

பஃபலோவின் அப்போதைய ஜெனரல் மேனேஜரே டிசம்பர் 2024-ல் இதைத்தான் சொன்னார், எங்களிடம் பனைமரம் இல்லை, நியூயார்க் வரி இருக்கிறது என்று. அப்போது அணி வரிசையாக 13 ஆட்டம் வெற்றியில்லாமல் போய்க்கொண்டிருந்த நேரம், ஊரே பனைமரத்தை வைத்துக் கேலி பண்ணியது. வரி விஷயம் பொய் இல்லை, பெரிய சம்பளம் வாங்குபவன் கணக்குப் பார்க்கத்தான் செய்வான். ஆனால் மான்டோரையும் ரைன்ஹார்ட்டையும் பென்னட்டையும் பனைமரம் இழுத்து வரவில்லை. அவர்கள் டிரேடில் வந்தார்கள், யாரோ ஒருவர் ஃபோன் எடுத்துக் கேட்டதால் வந்தார்கள். ஃபோர்ஸ்லிங்குக்கு எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை.

எட்மன்டனைச் சொல்லவில்லையே என்பீர்கள். ஆறு டிராஃப்டில் நான்கு முறை முதல் இடம், 2010, 2011, 2012, 2015. மெக்டேவிட் கிடைத்த பிறகும் 2024, 2025 இரண்டு வருடமும் இறுதியில் ஃப்ளோரிடாவிடமே தோற்றார்கள். டேங்க் கட்சிக்காரர்கள் லாட்டரி அடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் அதிகபட்சம்.

என் கட்சி என்னவென்று தெரிந்திருக்கும். அதற்காக ஃப்ளோரிடா வழியை அப்படியே நகலெடுக்க முடியும் என்று சொல்ல வரவில்லை. பார்கோவ் மாதிரி ஒரு அச்சாணி இல்லாத அணி வெய்வரில் எத்தனை பேரைப் பொறுக்கினாலும் நடுவாந்திரமாகவே நிற்கும், அது டேங்கைவிடக் கொடுமை. பிளேஆஃபும் இல்லை, நல்ல டிராஃப்ட் இடமும் இல்லை. ஆக ஒருமுறை கீழே விழத்தான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். பஃபலோ விழுந்தது 2014-லும் 2015-லும். 2015 கோடையில் ரைன்ஹார்ட், ஐக்கல், ஓ'ரைலி மூன்று பேரும் கையில் இருந்தார்கள், ஒரே நேரத்தில், ஒரே அறையில். அன்றைக்கே இடிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். அவர்களைச் சுற்றி முப்பது வயசுக்காரர்கள் நாலு பேர், நம்பகமான ஒரு கோலி, மூன்று வருடம் மாற்றாத ஒரு கோச், இவ்வளவுதான் தேவைப்பட்டது. அதற்குப் பதிலாக 25, 27 வயதில், ஆட்டம் பழுத்து வருகிற நேரத்தில், ஒவ்வொருவராக விற்று மறுபடியும் பதினெட்டு வயசுப் பையன்களை வாங்கினோம். ரைன்ஹார்ட்டுக்குப் பதிலாக வந்தது இளம் கோலி லெவியும் ஒரு டிராஃப்ட் தேர்வும். மாங்காய் மரத்தை வெட்டி விறகு விற்ற காசில் மாங்கொட்டை வாங்கிய கதை.

என் அலமாரியில் ஓ'ரைலி 90, ஐக்கல் 9, ரைன்ஹார்ட் 23 என்று மூன்று பஃபலோ ஜெர்சிகள் தொங்குகின்றன. மூன்று பேரும் கோப்பை வென்றுவிட்டார்கள். போன பிறந்தநாளுக்கு மாப்ள டாலின் 26 வாங்கித் தரவா என்று கேட்டார். வேண்டாம், பெயர் போடாத சட்டை போதும் என்று சொல்லிவிட்டேன்.