வலைப்பந்து பார்க்கக் கட்டிய 14,380 ரூபாய் போச்சு – இலங்கையிலிருந்து பாஸ் வாங்குபவர்கள் கவனம்

14,380 ரூபாய். கார்ட் கணக்கில் அந்த வரியைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. பெரிய சனல்கள் கண்டுகொள்ளாத விளையாட்டுகளைக் காசுக்குக் காட்டுகிற ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரீமிங் தளம், ஒரு வலைப்பந்துத் தொடரை முழுசாகப் பார்ப்பதற்கான பாஸுக்கென்று அந்தக் காசை வாங்கிக்கொண்டு, இலங்கை அணி ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. தளத்தின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை. முறைப்பாடு இன்னும் வங்கியில் கிடக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அடுத்த தொடருக்கு இங்கே வெள்ளவத்தையிலேயே இன்னும் நாலு பேர் வாங்கத் தயாராக இருக்கிறார்கள்.

"வலைப்பந்துக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022 செப்டெம்பர் 11 ஞாபகம் இருக்கிறதா? துபாயில் நம் கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணத்தை வென்ற நாள். அதே நாளில் சிங்கப்பூரில் நம் பெண்கள் வலைப்பந்தில் ஆசியக் கிண்ணத்தை வென்றார்கள், இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 63-53 என்று அடித்து. இரண்டு அணிகளையும் ஊர்வலமாகக் கொழும்புக்குக் கூட்டி வந்தார்கள். ஒரு கிண்ணத்தை ஊரே பார்த்தது, மற்றதை எத்தனை பேர் பார்த்தோம்? 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் மற்ற எல்லாரையும்விட அதிக கோல் போட்டவர் தர்ஜினி சிவலிங்கம், 348 கோல்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகள் பாடசாலை அணியில் அதே கோல் ஷூட்டர் இடத்தில் ஆடுகிறாள். அவள் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது முழுக்க அரை நிமிடத் துண்டு வீடியோக்களில். அவளுக்கு ஒரு தொடரையாவது முழுசாகக் காட்ட வேண்டும் என்றுதான் கட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டும் கட்டவில்லை. பணம் செலுத்துகிற பக்கத்திலேயே ஒரு பச்சைப் புள்ளியோடு 'உதவி' என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் தெளிவாகக் கேட்டேன்: நான் கொழும்பில் இருக்கிறேன், இலங்கை ஆடும் எல்லா ஆட்டங்களும் இங்கே லைவாக வருமா? பதில் உடனேயே வந்தது. நிச்சயமாக வரும், எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம், ஒரு ஆட்டமும் தவறாது. கூடவே ஒரு சிரிப்பு முகமும் பணம் கட்டும் இணைப்பும். இதற்கு மேல் ஒரு ஆள் என்ன கேட்டு உறுதிப்படுத்துவது? அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுத்தான் கார்ட் இலக்கத்தையே போட்டேன்.

விலை 45 டொலர் என்று இருந்தது. 2022 ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாய்தான், இப்போது 300ஐச் சுற்றி நிற்கிறது. அதற்கு மேல் வங்கி போடுகிற மாற்று விகிதம், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான கட்டணம், முத்திரை வரி. எல்லாம் சேர்ந்து 14,380. மகளின் ஆட்டச் சப்பாத்து இரண்டு சோடி வாங்கியிருக்கலாம்.

முதல் ஆட்டத்தன்று ரீவியோடு லப்டொப்பைப் பொருத்திவிட்டு அம்மா, மகள், அவளுடைய சிநேகிதி, நான் எல்லாரும் உட்கார்ந்தோம். விளம்பரம் வந்தது. ஒரு தடங்கலும் இல்லாமல், படு தெளிவாக வந்தது. அது முடிந்ததும் சாம்பல் நிறத் திரை, நடுவில் ஒரு வரி: இந்தக் காணொளி உங்கள் பகுதியில் கிடைக்காது. திரும்பத் திறந்தால் திரும்ப விளம்பரம், திரும்ப அதே வரி. வலைப்பந்து மொத்தமே கால் மணி நேரமாக நாலு பகுதிதான். நான் அந்த உதவிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இரண்டு பேரும் ஃபோனில் ஸ்கோரை மட்டும் பார்த்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. பணம் கட்டும்வரை பதில் சொன்ன ஆள் இப்போது இல்லை, தானாகப் பதில் அனுப்பும் இயந்திரம் மட்டும். பிரவுசரை மாற்றுங்கள், ரூட்டரை நிறுத்திப் போடுங்கள். எல்லாம் செய்தாயிற்று. பிறகு ஒரு ஆள் வந்து, இலங்கைக்கான ஒளிபரப்பு உரிமை உள்ளூர் சனல் ஒன்றிடம் இருக்கிறது, அதனால் அடைத்திருக்கிறோம் என்றார். அந்தச் சனலுக்கு எடுத்துக் கேட்டேன். "அப்படி ஒன்றும் நாங்கள் வாங்கேல்லையே மிஸ்" என்றார்கள். நாட்டுக்கு நாடு உரிமையைத் தனித்தனியாக விற்பது இந்தத் தொழிலின் வழக்கம், அது எனக்கும் தெரியும். இங்கே காட்ட முடியாதென்றால் இங்கேயுள்ள கார்டிலிருந்து காசை எடுக்காதே, அவ்வளவுதானே!

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, 'உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று அதே வாசகத்தில் மெயிலுக்கு மேல் மெயில். கடைசியில் வந்த பதில்தான் வயிற்றெரிச்சல். பாஸைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள், பார்த்ததற்குப் பதிவு இருக்கிறது, ஆகவே பணம் திரும்பாது. நான் பார்த்ததெல்லாம் விளம்பரமும் சாம்பல் திரையும்! அவர்களுடைய ஆளே எழுதிக்கொடுத்த வாக்குறுதியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால், உரையாடலில் சொல்வது பொதுவான தகவல், விதிமுறைகளே இறுதியானவை என்கிறார்கள். 14,380 ரூபாய்க்கு இதுதான் பதில்.

வங்கியிலும் முதலில் தட்டிக் கழித்தார்கள். "ஓடிபி நீங்கதானே போட்டீங்க மிஸ்?" ஆமாம், நான்தான் போட்டேன், கார்ட் களவு போனது என்று யார் சொன்னது? வேறொரு வங்கியில் வேலை செய்யும் மச்சாள்தான் வழி சொன்னாள்: காசு கட்டிய சேவை கிடைக்கவில்லை என்பது தனிக் காரணம், அதற்கு சார்ஜ்பேக் படிவம், அதாவது கட்டிய காசை வங்கி மூலமே திரும்பக் கேட்கிற படிவம், தனியாக இருக்கிறது, அதைக் கேள் என்று. கேட்ட பிறகுதான் மேசைக்கு அடியிலிருந்து படிவம் வெளியே வந்தது. இன்னும் முடிவு தெரியாது. இதற்கிடையில் தொடரும் முடிந்துவிட்டது.

விரிவாக என்ன செய்யலாம் என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முழுத் தொடர் பாஸ் வாங்காதீர்கள், ஒரு ஆட்டத்துக்கு மட்டும் விற்றால் அதை வாங்கிப் பாருங்கள். தளத்தில் இலவச வீடியோ ஓடுகிறது என்பதற்காக லைவ் ஓடும் என்று நினைக்காதீர்கள். வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோலத் தளத்துக்குக் காட்டுகிற வீபிஎன் போடு என்பார்கள். பல தளங்களின் விதிமுறையில் அதற்குத் தடை இருக்கிறது, கணக்கையே மூடினால் கேட்க நாதியில்லை. தானாகப் புதுப்பிப்பதை வாங்கிய அன்றே நிறுத்துங்கள், எனக்கு அடுத்த பருவத்துக்கான மெயில் இப்போதே வந்துவிட்டது. சார்ஜ்பேக்குக்குக் கால எல்லை உண்டு, தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

இப்படி வெளிநாட்டுத் தளத்திடமிருந்து இலங்கை வங்கி மூலம் யாராவது காசைத் திரும்ப எடுத்திருந்தால், படிவத்தோடு என்னென்ன ஆதாரம் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து கீழே எழுதுங்கள். எனக்கு அந்த 14,380 ரூபாய் திரும்ப வேண்டும்.