நாட்டுக்கோழி என்று பலகை இருந்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் கோழியைக் கையில் வாங்கியதும் அலகையும் உள்ளங்காலையும் பார்ப்பேன். விலையெல்லாம் அப்புறம்தான். நாம் சாப்பிடும் கோழி உயிரோடு இருந்தவரை நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மூன்று வழி இருக்கிறது: பிராய்லர், பண்ணை நாட்டுக்கோழி, வீட்டில் மேயவிட்டு வளர்த்தது.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. வேகம் அந்த இனத்திலேயே இருக்கிறது. சுமார் 40 நாளில் 2 கிலோவைத் தொட்டுவிடும். எனக்கு வருத்தம் தருவதே அந்த வேகம்தான். உடம்பு ஏறும் அளவுக்குக் கால் வலுப்படுவதில்லை, கடைசி வாரத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தே கிடக்கும். கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூள் எச்சத்தில் ஈரமானால் அம்மோனியா காலைச் சுட்டுவிடும். கடையில் கோழிக்கால் வாங்கினால் திருப்பிப் பாருங்கள், உள்ளங்காலில் கறுப்பாகப் பொருக்கு தட்டியிருந்தால் காரணம் இதுதான். இதற்கு விவசாயியைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக்கூலி.

ஏமாற்றம் அதிகம் நடுவில் இருக்கும் பண்ணை நாட்டுக்கோழியில்தான். ‘நாட்டுக்கோழி’ என்று பலகை வைத்த கடைகளில் பல நேரம் கிடைப்பது சோனாலி, அசில் கிராஸ் மாதிரியான கலப்பினங்கள். மூன்று மாதம் வரை வளர்கின்றன, கால் உறுதியாக இருக்கும். அந்த வகையில் பிராய்லரைவிட மேல். ஆனால் பல பண்ணைகளில் அவையும் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்று அலகு நுனியைச் சுட்டு வெட்டிவிடுகிறார்கள். மேல் அலகு மொட்டையாக இருந்தால் அது மண்ணைக் கிளறி வளர்ந்த கோழி இல்லை என்று நான் முடிவு செய்துவிடுவேன். கம்பிவேலி போட்டுப் பகலில் வெளியே விடும் பண்ணைகளும் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்க்க அனுமதித்தால் தாராளமாக வாங்கலாம்.

என் தேர்வு மூன்றாவது. கிலோ விலை பிராய்லரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஒன்றரைக் கிலோ ஆக ஐந்தாறு மாதம் பிடிக்கும். களத்தில் சிந்திய கேழ்வரகையும் கரையானையும் பொறுக்கி, புழுதியில் குளித்து, இரவில் மரக்கிளையில் அடையும் வாழ்க்கை அது. அதற்காக மேயவிட்டாலே போதும் என்றும் சொல்லமாட்டேன். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஊர்க்கோழிகள் கழுத்து திருகிக் கொத்துக்கொத்தாகச் சாகும். ஊத்தங்கரைப் பக்கம் நான் வாங்கும் வீட்டில் அதற்கான தடுப்பு மருந்தைப் பற்றி முதல் தடவையே கேட்டேன்.

“சொட்டு மருந்து விட்டீங்களாக்கா?”

“ஏழாம் நாளே கண்ணுல விட்டாச்சு தம்பி.”

அந்தப் பதிலுக்காகவே அங்கே தொடர்ந்து போகிறேன்.

வாங்கிய பிறகு கொண்டுபோவதும் இதில் சேர்த்திதான். காலைக் கட்டி பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஆறு மாதம் நன்றாக வளர்த்ததெல்லாம் வீண். விலங்கைத் தேவையில்லாமல் துன்புறும் விதத்தில் கொண்டுபோவது 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. நான் மூங்கில் கூடை எடுத்துப் போகிறேன்.

மாதம் நான்கு முறை வாங்கியது இப்போது ஒன்றோ இரண்டோ ஆகிவிட்டது, செலவு ஏறக்குறைய அதேதான். போன வாரம் கேட்டதற்கு, அடுத்த சேவல் தயாராகத் தை ஆகும் என்றார் அக்கா. சரி, தையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று வெறுங்கூடையோடு திரும்பினேன்.