‘டைமர் ஜீரோ’ நோக்கியா 3310 வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பழைய பட்டன் போன் சேர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய சாமான் விற்கும் தளம் ஒன்றில் "டப்பாவோடு, ஒரு கால்கூடப் பேசாத 3310" என்று ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. விலை 6,500 ரூபாய். பேசாத போன் என்பதற்கு ஆதாரமாக ஒரு படமும் உண்டு: திரையில் டைமர், அதாவது அந்தப் போனில் பேசிய மொத்த நேரம், 00:00:00. விற்கிற ஆள் பணத்தை முதலிலேயே ஜிபேயில் அனுப்பச் சொல்வார். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. நானும் அனுப்பித்தான் வாங்கினேன்.

கூரியரில் வந்ததைப் பிரித்தால் மேல் மூடியும் கீபேடும் பளபளவென்று இருந்தன. இருக்கத்தானே செய்யும், 3310-க்கு மூடி மாற்றுவது சட்டை மாற்றுகிற மாதிரி வேலை. பேட்டரியைக் கழற்றியதும் சாயம் வெளுத்துவிட்டது. உள்ளே பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பேட்டரி லேசாக உப்பி, பின்மூடி சரியாக உட்காரவில்லை. போட்டு ஆன் செய்தேன். டைமர் எல்லாம் ஜீரோதான், அதில் பொய்யில்லை. ஸ்நேக் விளையாட்டில் போய்ப் பார்த்தால் டாப் ஸ்கோர் 1,286! டப்பாவுக்குள் இருந்தபடியே பாம்பு தானாக மேய்ந்ததா? ரிங்டோன் எழுதும் கம்போசரில் வேறு யாரோ பொறுமையாகத் தட்டித் தட்டி ஏற்றிய ஒரு ட்யூன். பாவம், நன்றாகவே போட்டிருக்கிறார்.

போன் செய்து கேட்டேன். "அண்ணா, டைமர் ஜீரோன்னு சொன்னேன், ஜீரோ இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றார். ஸ்நேக் ஸ்கோரைச் சொன்னதும், "அது கம்பெனிலயே டெஸ்ட் பண்ணுவாங்கண்ணா." அதன்பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

விஷயமே இந்த டைமரில்தான் இருக்கிறது. 2003-க்குப் பிறகு செல்போன் வாங்கியவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் பேச்சு நேரம் என்பது நேராகக் காசு. 1995-ல் செல்போன் வந்த புதிதில் உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16.80 ரூபாய் வரை போனது. 1999-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டணத்தை மாற்றியபோதும் மாத வாடகை 600, நிமிடத்துக்கு 6 ரூபாய் என்று நின்றது. நமக்கு வருகிற காலுக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். அது ஒழிந்தது 2003 மே மாதத்தில்தான். போதாக்குறைக்குப் பல பிளான்களில் நிமிடக் கணக்கு: ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி போனாலும் 2 நிமிடம். போனின் டைமரோ உள்ளபடி விநாடிகளைத்தான் கூட்டும். 1 நிமிடம் 5 விநாடி வீதம் 10 கால் பேசியிருந்தால் போன் 10 நிமிடம் 50 விநாடி என்று காட்டும், பில்லில் 20 நிமிடம் இருக்கும். பில்லும் டைமரும் ஒத்துப்போகாது என்று நோக்கியாவே கையேட்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. என் சித்தப்பா 50 விநாடி ஆனதும் பேச்சை வெட்டிவிடுவார். எதிரில் இருப்பவர் அழுதுகொண்டிருந்தாலும் சரி. விநாடிக் கட்டணம் நம் ஊரில் பரவலானது 2009-ல் டாடா டோகோமோ வந்த பிறகு.

அதனால் போஸ்ட்பெய்டு வைத்திருந்தவர்கள் பலர் பில் தேதி வந்ததும் டைமரை அழித்துவிட்டுப் புது மாதக் கணக்கைத் தொடங்குவார்கள். அழிப்பதற்கென்றே கால் ரெஜிஸ்டர் மெனுவில் ‘கிளியர் டைமர்ஸ்’ என்று ஓர் இடம் உண்டு. செக்யூரிட்டி கோட் கேட்கும். யாரும் மாற்றாத போனில் அது 12345. மாதா மாதம் அழிப்பதற்காகவே வைத்த மீட்டரைக் காட்டி ‘பேசாத போன்’ என்று விற்பது எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! என்னைக் கேட்டால், ஜீரோ டைமரை முன்னால் காட்டி விற்கிறவரிடம்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்டிக்கரைக் காட்டிவிட்டு, வெட்டாமல் அதே வீடியோவில் போனை ஆன் செய்து *#06# அடிக்கச் சொல்லுங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் தனியான அடையாள எண்) ஸ்டிக்கரில் உள்ளதும் டப்பாவில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் டப்பாவில் ஒரு எண், திரையில் வேறொரு எண். அதாவது எங்கோ கிடைத்த டப்பாவில் வேறு எதையோ போட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்து *#92702689#. இது வாரண்டி மெனு. தயாரித்த மாதம், வாங்கிய மாதம், ரிப்பேர் பார்த்த மாதம் எல்லாம் இதில் வரும். வாங்கிய மாதத்தை ஒருமுறைதான் பதிய முடியும். ரிப்பேர் இடத்தில் ஒரு மாதம் பதிவாகியிருந்தால் அது டப்பா பிரிக்காத போன் இல்லை. என்னுடையதில் 0303 என்று இருந்தது, 2003 மார்ச். இந்த மெனுவிலிருந்து வெளியே வரப் போனை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம். ஐஎம்இஐ கையில் இருந்தால் KYM என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். திருட்டுப் போனாக பிளாக் ஆகியிருந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு "போன் டெட்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, 3310-க்கு 2ஜி மட்டுமே தெரியும்.

நேற்று அந்த விளம்பரம் வேறு பெயரில் மறுபடி வந்திருக்கிறது, விலை 7,000. படம் அதேதான், ஸ்டிக்கரைக் கட்டை விரலால் மறைத்திருப்பதும் அப்படியே. எனக்கு அனுப்பிய போன் என் மேசையில் கிடக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது எந்தப் போன் என்று அவருக்குத்தான் வெளிச்சம். ஏற்கெனவே அவருக்குப் பணம் அனுப்பியவர்கள் நாள் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிடுங்கள். பரிவர்த்தனை எண்ணும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும், விளம்பரத்தை அவர் அடிக்கடி அழித்துவிடுகிறார்.