210 கிலோமீட்டரில் எஞ்சின் இறுகிப்போன (சீஸ் ஆன) யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்

கடையின் பெயரைப் போடவில்லை. கடைக்காரரும் நானும் கடைசியில் ஒரு மாதிரி சமாதானம் ஆகிவிட்டோம், பெயர் போடுவதில்லை என்பதும் அந்தப் பேச்சில் அடக்கம். மேற்கு சென்னையில், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்றரையும் கார்பரேட்டரை அவர் செட் செய்த விதத்துக்கு.

வண்டி 1994 மாடல், அப்பா வாங்கியது. ஆர்எக்ஸ் 100 1996-லேயே நின்றுபோன வண்டி என்பதால் ஒரிஜினல் சாமான் கிடைப்பதே அதிர்ஷ்டம், கிடைத்தாலும் அது ஒரிஜினல்தானா என்பது கடவுளுக்கு வெளிச்சம். காலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் கடகடவென்று ஆடும், கியர் ஆயில் தானாகக் குறையும், பின்னால் வெள்ளைப் புகை. கிளட்ச் பக்கத்து கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) சீல் போய்விட்டால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும் என்று அந்த மெக்கானிக் வண்டியைப் பிரிக்காமலேயே சத்தத்தையும் புகையையும் வைத்துச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் நம்பினேன்.

போர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கான் ராட் கிட், கிராங்க் பேரிங், சீல்கள், கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 11,000 என்று பேசினோம். ஒரு வாரம் என்றார், ஐந்து வாரம் ஆனது. லேத்துக்காரர் ஊருக்குப் போய்விட்டார், பேரிங் வரவில்லை, கடைப் பையன் லீவு. போன் செய்தால் "நாளைக்கு வந்து எடுத்துக்கோ தம்பி". கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் 14,300 என்று எழுதிக் கொடுத்தார், அதில் கான் ராட் கிட்டுக்கு மட்டும் 2,600. சரி, வேலை நன்றாக இருந்தால் போதும் என்று ஜிபேயில் அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வண்டி என்னமோ பஞ்சு மாதிரி ஓடியது. ரன்னிங்-இன், அதாவது புது சாமான் பழகும்வரை, ஐநூறு கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் போகாதே என்றார், நான் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஐடிலிங் அப்படி ஒரு நிதானம், சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். பெட்ரோலோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய் வழுவழுப்பு கொடுக்கும் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு, சைடு கவரைத் திறந்து அதைப் பார்த்தேன், மட்டம் குறையவே இல்லை. பரவாயில்லையே, எவ்வளவு சிக்கனம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு நான்தான் பொறுப்பு.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மீட்டரில் 210 கிலோமீட்டர் ஆனபோது, சத்தம் லேசாக மாறியது, அடுத்த நொடி பின்சக்கரம் கப்பென்று பிடித்துக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். பின்னால் ஒரு மாநகரப் பேருந்து வேறு. குட்டியானைக்கு 900 கொடுத்து நேராக அவர் கடைக்கே கொண்டுபோனேன்.

பிரித்தார். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் நெடுக்குக் கோடு கோடாகக் கீறி, அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈயம் பூசினாற்போல ஒட்டியிருந்தது. "ரன்னிங்-இன்ல முறுக்கிட்டே தம்பி" என்றார். நான் ஆயில் டேங்கைக் காட்டினேன். அப்போதுதான் அவர் கை கார்பரேட்டர் பக்கம் போனது, எனக்கும் தெரிந்தது. இன்லெட்டுக்குள் போகவேண்டிய அந்த மெல்லிசான ஆயில் பைப், பேனா ரீஃபில் கனம்கூட இருக்காது, தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு ஸ்க்ரூ திருகியிருந்தது.

டேங்கிலிருந்து ஆயிலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப்பையே பிளாக் செய்துவிட்டாராம். பழைய பம்ப்பை நம்ப முடியாது, பெட்ரோலில் ஆயிலைக் கலந்து போடுவதுதான் பாதுகாப்பு என்றார். அது தப்பான வேலை இல்லை, நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், லிட்டருக்கு இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றினால் ஒன்றும் ஆகாது. ஆனால் வண்டிக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? டெலிவரி அன்று பெட்ரோல் டேங்கில் அவரே ஆயில் கலந்து நாலு லிட்டர் ஊற்றியிருந்தார். 170 கிலோமீட்டர் அதில் ஓடிவிட்டது. அப்புறம் நான் பங்க்கில் வெறும் பெட்ரோல் போட்டேன். அடியில் கிடந்த மிச்சக் கலவையில் நாற்பது கிலோமீட்டர் தாங்கியதே பெரிது. "பையன்கிட்ட சொல்லச் சொன்னேனே" என்றார். பையன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுபடி போர், பிஸ்டன், 4,500 ஆகும் என்றார். நான் முடியாது என்றேன். அப்படியானால் பிரித்த கூலி 800 கொடுத்துவிட்டு வண்டியை எடு என்றார். கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை ரிப்பேர்காரருக்கு உண்டு, 1872 ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு, ஆனால் ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும் என்று வக்கீல் நண்பன் போனில் சொன்னான். சண்டை போட்டு வண்டி அங்கேயே மழையில் கிடப்பதைவிட, 800-ஐக் கொடுத்து "ஆட்சேபத்துடன்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அப்படியே செய்து, எஞ்சினைக் கோணியில் கட்டி எடுத்துவந்தேன்.

இன்னொரு மெக்கானிக்கிடம் போனதில்தான் இரண்டாவது விஷயம் வெளியே வந்தது. கிராங்கை டார்ச் அடித்துப் பார்த்தவர், "கான் ராட் மாத்தினதா யார் சொன்னா?" என்று கேட்டார். ராட் மாற்ற வேண்டும் என்றால் கிராங்க் பின்னை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, புதுப் பின் அடிக்க வேண்டும். புதுப் பின்னின் முகம் வெளியே பளிச்சென்று தெரியும். என்னுடையதில் இரண்டு பக்கமும் முப்பது வருஷக் கருப்பு அப்படியே படிந்திருந்தது. அப்படியானால் 2,600 எதற்கு? முதல் மெக்கானிக்கைக் கேட்டால் லேத்தில் மாற்றச் சொல்லித்தான் கொடுத்தேன் என்கிறார். கழற்றிய பழைய ராட் எங்கே என்றால் காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

ஆயில் விஷயத்தில்கூட மறதி என்று விட்டுவிடலாம். மாற்றாத சாமானுக்குக் காசு வாங்கியதுதான் எனக்கு ஆறவில்லை. சிலிண்டர் 0.50-லிருந்து இப்போது 0.75-க்குப் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை, 1.00, அதற்கப்புறம் சிலிண்டருக்குள் புது உறை (ஸ்லீவ்) போடுவதுதான். அந்த ஒரு போரின் ஆயுளை எந்தத் தாளில் எழுதிக் கேட்பது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் பதிந்தேன். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் இந்த மாதிரித் தெருமுனைக் கடையிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். வெள்ளைத் தாள் பில்தான் என்றாலும் ஜிபே கணக்கும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும் என்னிடம் இருந்தன. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, புது மெக்கானிக் எடுத்த கிராங்க் போட்டோவைச் சேர்த்து, 15 நாள் கெடு வைத்து முதல் மெக்கானிக்குக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன்.

நாலாவது நாள் போன் வந்தது. முதலில் கோபம், அப்புறம் "நம்ம கடைக்கு இப்படி லெட்டர் வந்ததே இல்ல தம்பி" என்று வருத்தம். 8,000 கேட்டேன், 5,000-த்தில் முடிந்தது. எனக்கு ஆன மொத்த நஷ்டத்துக்கு இது பாதிகூட இல்லை.

அவரிடம் போவதாக இருந்தால் டியூனிங், பிளக், கிளட்ச் கேபிள் மாதிரி கூடவே நின்று பார்க்கக்கூடிய வேலைக்குப் போங்கள். எஞ்சினைப் பிரிக்கும் வேலை என்றால், அவரிடம் மட்டுமில்லை யாரிடமும், பழைய சாமானை ஒரு கவரில் போட்டுக் கொடுக்கச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள். ஆயில் பம்ப் ஓடுகிறதா, கலந்து ஊற்ற வேண்டுமா என்று உங்கள் வாயால் கேளுங்கள்.

வண்டி இப்போது 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பம்ப் திரும்ப வேலை செய்கிறது, லேசாகப் புகை வருகிறது, அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. புது மெக்கானிக் எல்லாவற்றையும் மாற்றினார். கார்பரேட்டரை மட்டும் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இதை யாரோ நல்லா வெச்சிருக்காங்க, தொட வேண்டாம்" என்று விட்டுவிட்டார்.