வேரோடு எடுப்பதாகச் சொல்லி மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனார்

வீட்டுத் தோட்டத்தில் அடிக்கட்டை எடுக்க ஆள் தேடுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். குறைந்த கூலிக்கு முடித்துத் தருகிறேன் என்று வந்த ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அவர் கைவைத்ததால் மிச்சமிருக்கிற வேலை முன்பைவிடக் கடினமாகிவிட்டது, அதுதான் ஆத்திரம்.

எங்களிடம் இருந்தவை இரண்டு கட்டைகள். ஒன்று பட்டுப்போன தென்னை, மற்றது வயதான பூவரசு. பூவரசை இடுப்பு உயரத்துக்கு விட்டு வெட்டியிருந்தோம். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் வேரோட எடுத்துடலாங்க, ஒரே நாள் வேலை" என்றார். மிஷின் வாடகைக்கு என்று பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டை இருந்த இடம் தெரியாமல் மண் நிரவி, பெருக்கிக்கூட விட்டிருந்தார்கள். மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மழை பெய்ததும் பூவரசு இருந்த இடத்தில் வட்டமாகத் தளிர் விட்டது. சந்தேகப்பட்டு மண்வெட்டியால் கொத்தினேன். ஒரு சாண் ஆழம்கூடப் போகவில்லை, 'ணங்'கென்று கட்டையில் பட்டது. மண்ணை வழித்துப் பார்த்தால் ரம்பத்தின் கோடுகள் அப்படியே தெரிகின்றன. நடுவில் நாலைந்து துளைகள், அவற்றில் கல் உப்பு. ஒரு வேரைக்கூட வெட்டவில்லை. போன் செய்தால், "மருந்து வெச்சிருக்கேன், தானா மட்கிடும்" என்றார். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

உப்பு மருந்தே இல்லை. கட்டையை மட்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும். உப்பு அந்தப் பூஞ்சையையும் வளரவிடாது, சுற்றியுள்ள மண்ணையும் கெடுத்துவிடும். பூவரசு, கிளையை வெட்டி (போத்து) நட்டாலே வேர் பிடிக்கிற மரம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிர் இருக்கிறவரை அது துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும். தென்னைக்கு ஒரே குருத்து என்பதால் வெட்டினால் மறுபடி முளைக்காது. ஆனால் அதையும் இதே மாதிரி மூடியிருக்கிறார். உள்ளே மட்க மட்க அந்த இடம் பள்ளமாகும், கரையான் வேறு சேரும்.

இதைவிடப் பெரிய கேடு, இடுப்பு உயரத்துக்கு இருந்த அடிமரத்தை மண்ணுக்குக் கீழே அறுத்ததுதான். கையில் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு அந்த உயரம்தான் மூலதனம். சுற்றிலும் பள்ளம் தோண்டி, பக்கவேர்களில் தண்ணீர் அடித்து மண்ணைக் கழுவிவிட்டு (மண்ணோடு வெட்டினால் கோடாலி சீக்கிரம் மழுங்கிவிடும்) ஒவ்வொன்றாக வெட்டி, மரத்தின் தலையில் கயிறு கட்டி இப்படியும் அப்படியும் இழுத்தால் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அடிவேர் அசைந்து கொடுக்கும். தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டால் பிடிக்க எதுவும் இல்லை. அப்புறம் கடப்பாரையும் முதுகுவலியும்தான், இல்லையென்றால் பெரிய இயந்திரத்துக்குச் செலவு செய்ய வேண்டும்.

அதனால் அடிக்கட்டையை எப்படி எடுப்பது என்று முடிவாகும்வரை மரத்தை ஒட்ட அறுக்க யாரையும் விடாதீர்கள். ஆள் பேசும்போது எவ்வளவு ஆழம், பக்கவேர் எவ்வளவு தூரம், குழியை யார் நிரப்புவது, கட்டை யாருக்கு என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அரைக்கிற இயந்திரம் கொண்டுவருகிறவரிடம் இன்னும் தெளிவாகக் கேளுங்கள். அது மேல்கட்டையைத்தான் தூளாக்கும், வேர்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கும். செடி வைக்க அது போதும், சுவர் எழுப்பப் போதாது. முக்கியமாக, குழியைத் திறந்தபடி உங்களுக்குக் காட்டிய பிறகுதான் மண் போட வேண்டும், மீதிப் பணமும் அப்போதுதான் என்று பேசிக்கொள்ளுங்கள். ஆசிட் ஊற்றுகிறேன், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறேன் என்றால் அப்படியே அனுப்பிவிடுங்கள். ஆசிட் பக்கத்திலிருக்கும் சிமெண்டையும் அரிக்கும். தீயோ, அணைந்த மாதிரி தெரிந்தாலும் வேர்வழியே உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும்.

எங்கள் கட்டையை இனி இழுக்க வழியில்லை. உப்பை வழித்தெடுத்துக் கழுவிவிட்டு, துளைகளை ஆழமாக்கி, தழைச்சத்துக்காக யூரியா போட்டு, ஈர மண்ணால் மூடிப் பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறோம். தளிர் வர வரக் கிள்ளிவிடுகிறோம். இலை இல்லாமல் வேரில் சேர்த்துவைத்த சத்து தீரத் தீரத்தான் அது ஓயும். முழுக்க மட்க வருடக்கணக்காகலாம். அதுவரை அந்த மூலையில் எதுவும் கட்ட முடியாது.