அடிபட்ட நொடியின் வலியும் மன அழுத்தத்தில் ஊறிய வலியும்

திடலில் பந்தாடும்போது கணுக்கால் பிசகியும் ஆட்டம் முடியும்வரை ஓடுபவர்கள் உண்டு. திடீர் நெருக்கடியில் மூளை எண்டார்பின்கள் என்ற இயற்கை வலிநிவாரணிகளைச் சுரந்து, தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புகள் வழியே வலிச் செய்தியைத் தணிக்கிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கால் விண்விண்ணென்று தெறிக்கும். வலிக்கவில்லையே என்று தொடர்ந்து ஓடினால் காயம் பெரிதாகும், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் கவலை தருவது மற்றது, நாள்பட்ட மன அழுத்தத்தில் ஊறிய வலி. ஷிப்ட் வேலை, தூக்கமின்மை, ஊரிலுள்ள குடும்பத்தின் கடன் என்று மாதக்கணக்கில் சுமப்பவரிடம் வலியைத் தணிக்கும் இதே அமைப்பு தலைகீழாகத் திரும்பலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் காவல் காக்கும் மைக்ரோகிளியா செல்கள் அழற்சிப் பொருள்களை வெளியிட, நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் சமிக்ஞை வலுக்க, சின்னத் தொடுதலே வலியாகிவிடும். புண் ஆறியும் முதுகு வலிக்கும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் நடிக்கிறார் என்று சொல்வது பெரிய அநியாயம். அந்த வலி நிஜம்.